தோகொரோதேயும் என் மச்சான் மண்டையும்

1

என் அக்கா புருஷனைக் கொல்வது பற்றி ஜப்பானிய மொழியில் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் எழுதினேன். வகுப்பெடுக்கிற பெண் அதன்மேல் சிவப்புப் பேனாவால் பெரிய வட்டம் போட்டாள். இந்த நாட்டில் வட்டம் என்றால் சரி. நம் ஊரில் சரி என்று அடிக்கிற டிக்தான் இங்கே தப்பு. வட்டம் கிடைத்த சந்தோஷத்தில் ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கம்பெனி ஆபீசில் என்னை உட்காரவைத்து, கையில் பச்சைத் தேநீரைக் கொடுத்து, "யாரையாவது கொல்லும் திட்டம் இருக்கிறதா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்கள்.

கதை இங்கே தொடங்கவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தது அந்தத் தேநீரால்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் சதீஷ். ராஜபாளையம். நாலு அரியரோடு பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். நகோயாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கார் கதவுக்குள் வைக்கிற இரும்புத் தகடுகளை அடித்துத் தள்ளும் தொழிற்சாலையில் பதினாலு மாதமாக வேலை. என்னுடைய மிஷின் இருநூறு டன் பிரஸ். தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பட்டன்களை இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டியிருந்தால் இறங்காது. முதல் வாரத்தில் சூப்பர்வைசர் ஒரு கேரட்டை உள்ளே வைத்து அடித்துக் காட்டினார். இறங்கி ஏறிய பிறகு கேரட் இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஈரம் மட்டும் இருந்தது. அன்று முதல் அந்தப் பட்டனை அமுக்கும்போதெல்லாம் உள்ளே என் மச்சான் முகத்தை வைத்துத்தான் அமுக்குகிறேன். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை. உற்பத்தி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

2

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பொதுக்கூடத்தில் இலவச மொழி வகுப்பு. எடுப்பது மோரி என்கிற காலேஜ் பெண். என் வயதுதான். அன்றைக்குப் பாடம் 'தா தோகொரோதே'.

ஜூலையில் ஜப்பானிய மொழிப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம் வரும் இலக்கணம். ஒரு வேலையைச் செய்தாலும் கடைசியில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்ல இதைப் போடுவார்கள். 'இத்தா தோகொரோதே' என்றால் போனாலும் பிரயோஜனமில்லை. 'நைத்தா தோகொரோதே' என்றால் அழுதும் ஒன்றும் ஆகாது. கவனித்தால் ஒரு வேடிக்கை. இன்னும் நடக்காத காரியத்தை நடந்து முடிந்ததுபோல இறந்தகாலத்தில் வைத்துவிடுகிறார்கள். போகவே இல்லை, ஆனால் போய்விட்டுத் திரும்பியதுபோலப் பேச்சு. நாம் மட்டும் என்ன? 'போனாலும்' என்பதில் ஒளிந்திருப்பதும் அந்தப் 'போன'தான்.

சாதாரணமாக 'மழை பெய்தாலும் போவேன்' என்பதற்கு இங்கே வேறு இலக்கணம் இருக்கிறது. தோகொரோதே அப்படியில்லை. அதில் சொல்கிறவனின் தீர்ப்பு இருக்கிறது: நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேஸ்ட். பின்பாதியில் நல்ல செய்தி வரவே கூடாது என்று மோரி கறாராகச் சொன்னாள்.

ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். என் ரூம்மேட் துவான், வியட்நாம்காரன், "இப்போது ஓடினாலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது" என்று புத்தகத்தில் இருந்ததையே எழுதினான். நான் எழுதியது இது: கிகெய் ஓ கொரோஷிதா தோகொரோதே, அனே நோ ஹா வா மொதொராநாய். மச்சானைக் கொன்றாலும் அக்காவின் பல் திரும்ப வராது.

மோரி வட்டம் போட்டாள். போட்ட பிறகுதான் வாசித்தாள் போல. பேனாவை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

3

இப்போது அந்தப் பல்.

மகா அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கல்யாணமாகி வில்லிபுத்தூரில் இருக்கிறாள். மச்சான் குமரேசனுக்குச் சொந்தமாகப் பால்கோவா பட்டறை. பெரிய இருப்புச் சட்டி, கீழே விறகு, மேலே மணிக்கணக்கில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மறுமாதமே ஒரு வேலையாளை நிறுத்திவிட்டு அந்தத் துடுப்பை அக்கா கையில் கொடுத்துவிட்டான்.

முதல் தடவை இடது கன்னத்தில் அறை. காதில் சீழ் வந்தது. இன்றுவரை அந்தப் பக்கம் போனை வைத்தால் அவளுக்குக் கேட்காது.

இரண்டாவது தடவை, பால் அடிப்பிடித்துவிட்டதென்று அவள் முழங்கைக்குக் கீழே பிடித்துச் சட்டியின் விளிம்பில் வைத்து அமுக்கினான். பஸ்ஸில் ஏறி ராஜபாளையம் வந்து இறங்கியபோது தோல் சேலை முந்தானையோடு ஒட்டியிருந்தது. அம்மா தண்ணீர் ஊற்றி ஊற்றி அதை எடுத்தாள். அக்கா சத்தம் போடவில்லை. நான்தான் வாசலில் நின்று பைக் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை ஹெல்மெட். தன் தலையிலிருந்ததைக் கழற்றி அதாலேயே அவள் முகத்தில் ஒரு வீச்சு. முன்பல் போய், உதட்டில் ஐந்து தையல்.

ஒவ்வொரு தடவையும் அதன்பிறகு நடந்தது ஒன்றேதான். அக்கா பத்துப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் இருப்பாள். சோழபுரத்திலிருந்து பெரியப்பா வருவார். அவர்கள் பக்கத்திலிருந்து மச்சானின் சித்தப்பா ஒருவர் வருவார். இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டே பேசுவார்கள்.

"கேஸு கீஸுன்னு போயி என்னத்துக்கு ஆகப்போவுது?"

"அதானே. கோர்ட்டுக்கு நடந்தாலும் அவதான் நடக்கணும்."

"அவனக் கண்டிச்சாச்சு. இனி செய்ய மாட்டான்."

பிறகு முடிவு. கோபித்துக்கொண்டு வந்த பெண் தானாகத் திரும்பிப் போய் நின்றால் மரியாதை இல்லை. கூடப்பிறந்தவன்தான் கொண்டுபோய் விடவேண்டும். விட்டுவிட்டு அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். கை நனைத்தால் பகை தீர்ந்தது. அதாவது, அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் நடந்ததெல்லாம் கழுவிப் போயிற்று. நம்ம பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் வீட்டில் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

மூன்று தடவையும் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். இடது கைப்பக்கம் மலை, பின்னால் அக்கா. வழியில் பேசிக்கொள்ள மாட்டோம். மச்சான் வாசலில் நின்று, "வா மாப்ள" என்பான். நான் "வாரேன் மச்சான்" என்பேன். இலை போடுவார்கள். கறிக்குழம்பு. அவனே நின்று பரிமாறுவான். "இன்னும் ரெண்டு துண்டு வையி மாப்ளைக்கு" என்பான். நான் சாப்பிட்டேன்.

காலேஜில் நான் எப்படிப்பட்டவன் என்று கூடப் படித்தவர்களைக் கேளுங்கள். ஹாஸ்டலில் ஒருத்தனின் மூக்கை உடைத்து இரண்டு வாரம் சஸ்பெண்ட் ஆனவன். கபடி மைதானத்தில் ரெஃபரியின் சட்டையைக் கிழித்தவன். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டான் என்று ஒருத்தனைப் படிக்கட்டிலிருந்து இழுத்துப்போட்டு மிதித்தவன். இவ்வளவும் செய்துவிட்டு, அடிக்கவேண்டிய ஒரே ஆளின் முன்னால் உட்கார்ந்து ரசம் வாங்கிக் குடித்தேன்.

4

நாலாவது தடவை நடந்தபோது நான் இங்கே இருந்தேன். இந்த மே மாதம்.

விலாவில் மிதித்திருக்கிறான். அக்கா தனியாகப் பஸ் பிடித்து வந்துவிட்டாள். எனக்குச் சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. அப்பா மில்லில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மிஷின் சத்தத்துக்குப் பழகியதால் போனிலும் கத்தித்தான் பேசுவார். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"எய்யா, ஒங்க அக்கா வந்திருக்கா."

"மறுபடியுமா? இப்ப எங்கப்பா அடிச்சான்?"

"விடுப்பா. பேசியாச்சு. அவிய சொல்றது என்னன்னா, தம்பி வந்து விட்டுட்டுப் போகட்டும்னு. நீ ஆகஸ்டுல லீவுக்கு வாரேல்ல? ரெண்டு நாளு வேலைதான். கொண்டு போயி விட்டுட்டு, கை நனைச்சிட்டு வந்துரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்கன இருக்கட்டும். கூடப்பொறந்தவன் இல்லாம எப்படி அனுப்ப?"

நான் சரி என்றேன். ரொம்ப அடக்கமாகச் சரி என்றேன். ஏனென்றால் எனக்கு வேறு திட்டம் இருந்தது.

கூடத்தில் இலை போட்டிருக்கும். அவன் பரிமாறக் குனிவான். அப்போது பிடரி தெரியும். பட்டறைக்கு வெளியே விறகு வெட்டுகிற கோடாலி எப்போதும் சாய்த்து வைத்திருக்கும், பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பிரஸ் மிஷின் முன்னால் நின்றபடி நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். ரத்தம் எந்தப் பக்கம் தெறிக்கும், எலும்பில் கோடாலி மாட்டிக்கொண்டால் எப்படி மிதித்து உருவுவது, சித்தப்பா குறுக்கே வந்தால் என்ன செய்வது, எல்லாம் தயார். ஆகஸ்ட் லீவுக்கு டிக்கெட் போட்டேன். கம்பெனியில் ஊருக்குப் போகும் விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'அக்கா' என்று மட்டும் எழுதினேன்.

அந்த நிலைமையில்தான் மோரி வாக்கியம் கேட்டாள்.

5

ஆபீசில் வெளிநாட்டு வேலையாட்களைக் கவனித்துக்கொள்வதற்கென்று கிமுரா என்கிற அம்மா இருக்கிறார். எங்களுக்குக் குப்பை பிரிப்பது முதல் பல் வலி வரை எல்லாம் அவர்தான். அவர் மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று மோரி அனுப்பிவைத்த என் வாக்கியத்தின் நகல், வட்டத்தோடு. இன்னொன்று என் லீவு விண்ணப்பம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"சதீஷு-சான், இலக்கணம் நன்றாக இருக்கிறது."

"நன்றி."

"ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள்?"

நான் மரியாதையான சொற்களைத் தேடினேன். வெட்டுவேன் என்பதற்கு மரியாதைச் சொல் எனக்குத் தெரியவில்லை. "சாப்பிடுவேன்" என்றேன்.

"எங்கே?"

"அக்கா புருஷன் வீட்டில்."

கிமுராவுக்குக் குழப்பம். அவரிடம் வழக்கத்தை விளக்கினேன். அக்காவை அடித்தான், அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள், நான் கொண்டுபோய் விடவேண்டும், அங்கே சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் பிரச்சினை முடியும். உடைந்த ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, அது எனக்கே வேறு மாதிரி கேட்டது. தமிழில் சொன்னால் அதில் பெரியப்பா இருப்பார், காபி இருக்கும், நாலு சொந்தக்காரர்கள் தலையாட்டுவார்கள். இந்த மொழியில் வெறும் எலும்பு மட்டும் நின்றது.

கிமுரா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்.

"பொறுங்கள். அடித்தவரிடம் அக்காவைக் கொண்டுபோய்க் கொடுப்பது நீங்களா?"

"ஆமாம்."

"முன்பும்?"

"மூன்று தடவை."

"நீங்கள் போகாவிட்டால்?"

"வேறு ஆள் இல்லை."

அவர் குறிப்பேட்டை மூடினார். மன ஆலோசனைக்கான ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுத்தார், அதில் 'தூக்கம் எப்படி' என்று ஐந்து கட்டம். லீவு விண்ணப்பத்தில் சீல் அடித்துத் தந்தார். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா கேட்ட கடைசிக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. கோடாலியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

6

உறைக்க வைத்தது அக்கா. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். எப்போதும்போல வலது காதில் போனை வைத்துக்கொண்டு, வீடியோ இல்லாமல்.

"ஏலே, டிக்கெட் போட்டுட்டியாம்ல?"

"போட்டாச்சுக்கா. பத்தாம் தேதி மதுரையில எறங்குதேன்."

"கேன்சல் பண்ணு."

"என்னது?"

"ஒனக்கும் காது போயிருச்சா? கேன்சல் பண்ணுங்கேன்."

"யக்கா, நான் ஒன்னைய கொண்டு போயி விடுறதுக்கு வரல. அவன வெட்டுறதுக்கு வாரேன். அப்பாகிட்ட சொல்லிராத."

அவள் சிரித்தாள். பல் இல்லாத இடத்தில் காற்றுப் போகிற சிரிப்பு.

"நீ? வெட்டப்போற?"

"ஏன், என்னால முடியாதா?"

"முடியாதுலே. நீ அடிச்சவன் அம்புட்டு பேரும் ஒனக்கு யாருன்னே தெரியாதவன். மச்சான் முன்னாடி வந்து நின்னான்னா நீ 'வாங்க மச்சான்'னுதான் சொல்லுவ. மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்ப நான் சின்னப் பய..."

"மூணாவது தடவ எனக்கு வாயில தையலு. கஞ்சி கூட எறங்கல. அடுப்படிக்குள்ள ஒக்காந்திருக்கேன். வெளிய நீ எலும்பக் கடிக்க. சத்தம் கேக்குதுலே எனக்கு. ஒத்தக் காதுலயும் கேக்குது."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கோவத்துல சொல்லல. கேளு. நீ வந்து நின்னன்னா, ஒன் கையில அருவா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அன்னைக்கே பெரியப்பாவும் அவன் சித்தப்பாவும் வந்து ஒக்காந்துருவாக. அம்மா அழுவா. அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு நிப்பாரு. சாயங்காலம் நான் அந்தச் சட்டி முன்னாடி நிப்பேன். நீ வரலன்னா கொண்டு போயி விட ஆளு இல்ல. கூடப்பொறந்தவந்தான் வரணும்னு அவிய ஒத்தக்கால்ல நிக்காக. நிக்கட்டும், எம்புட்டு நாளு நிக்காகன்னு பாப்போம். நீ வராத."

"எத்தன வருசம்க்கா?"

"நான் சொல்ற வரைக்கும்."

போன் வைத்த பிறகு துவானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். "உன் அக்கா சரியாகச் சொல்கிறார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வாயில் குத்தினேன்.

துவான் என்னைவிட ஒரு சாண் குள்ளம். ஆனால் மச்சான் இல்லை, மாமன் இல்லை, மூத்தவனும் இல்லை என்பதால் என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவன் கையும் தயங்கவில்லை. தலையால் என் மூக்கில் முட்டினான். பாத்திரம் கவிழ்ந்து வெந்நீர் என் காலில் கொட்டியது. பாயில் உருண்டோம். அவன் என் காதைக் கடித்தான், நான் அவன் தலையைச் சுவரில் மோதினேன், சுவர் அட்டை மாதிரி உள்ளே போயிற்று. பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டி, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டான். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு துவான் ஃப்ரீசரிலிருந்து இறால் பாக்கெட்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான். இன்னொரு பாக்கெட்டை என் மடியில் போட்டான்.

"என்னை அடிக்க உனக்கு எவ்வளவு சீக்கிரம் கை வருகிறது" என்றான்.

மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. உப்பாக இருந்தது. நான் விழுங்கினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருந்தது. கேஸ் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்கள் யாரும் ஒரு தடவைகூடக் கேஸ் போட்டுப் பார்த்ததில்லை. கண்டித்தாலும் திருந்தமாட்டான் என்று அம்மா சொன்னாள், கண்டித்ததில்லை. தோகொரோதே சொல்கிறவன் எழுந்து போவதில்லை, உட்கார்ந்துகொண்டேதான் சொல்கிறான். நான் மட்டும் என்ன? கொன்றாலும் பல் வராது என்று அழகாக எழுதி வட்டம் வாங்கினேன். கொல்லவும் இல்லை, பல்லுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கவும் இல்லை.

7

ஜூலையில் ஒரு ஞாயிறு. எனக்கு மத்தியானம், ஊரில் காலை பதினொரு மணி இருக்கும். அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் போனை மிக்ஸிமேல் சாய்த்து வைத்திருந்தாள். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம்.

"யாரு?" என்றாள் அம்மா. எட்டிப் பார்த்துவிட்டு வந்த முகத்திலேயே தெரிந்தது.

மச்சானும் அவன் சித்தப்பாவும். எனக்குத் திரையில் தெரிந்தது அடுப்பு, அக்காவின் தோள், கூடத்துக்குப் போகிற கதவில் பாதி. மீதி எல்லாம் சத்தம்தான்.

"என்ன மாமா, ரெண்டு மாசமா பொண்டாட்டிய ஒளிச்சு வச்சிருக்கீரு? பட்டற என்ன ஆவுது?"

"எய்யா, ஒக்காருங்க. செத்த நேரம் ஒக்காருங்க. தம்பி ஆகஸ்டுல வந்து..." என்று அப்பா.

"ஆகஸ்டு வரைக்கும் எந்தச் சட்டிய ஒங்க மகன் கிண்டுவான்? ஜப்பான்ல இருந்து கை நீளுமா?"

கதவில் மச்சான் தெரிந்தான். குளித்து, திருநீறு பூசி, அயர்ன் பண்ணிய சட்டை. அக்காவின் பின்முடியைக் கொத்தாகப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவள் தலை பின்னால் மடங்கியது. அம்மா குறுக்கே விழ, முழங்கையால் அவள் நெஞ்சில் இடித்துத் தள்ளினான். நான் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை. துவான் ஓடிவந்து என் பின்னால் நின்றான். என் இரண்டு கையும் இரண்டு பக்கமும் விரிந்து மேஜையை அமுக்கிக்கொண்டிருந்தன, பிரஸ் முன்னால் நிற்பதுபோல. எதுவும் இறங்கவில்லை.

அக்கா கத்தவில்லை. கையை நீட்டி அடுப்பிலிருந்து தோசைக்கல்லை, அரைகுறையாக வெந்த தோசையோடு, கைப்பிடியைப் பிடித்து எடுத்தாள். தலை மடங்கிய நிலையிலேயே, பார்க்காமல், பின்பக்கமாக வீசினாள். சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. முதலில் சதையில் சுடுகிற சத்தம், அப்புறம் அவன் குரல். முடியை விட்டான். அவள் திரும்பி நின்று இரண்டாவது தடவை போட்டாள். இப்போது பார்த்துப் போட்டாள். அவன் தடுக்கத் தூக்கிய மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகு முறிவது மாதிரிதான் இருக்கிறது. மூன்றாவது தடவை ஓங்கினாள். அப்பா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மச்சான் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். கழுத்தில் வட்டமாகத் தோல் உரிந்து, அதில் தோசை மாவு ஒட்டியிருந்தது.

அப்போது அவன் சித்தப்பா உள்ளே வந்தார். நடந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சரி. ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு. இதுக்கு மேல பேசிப் பிரயோஜனம் இல்ல. தம்பி வரட்டும். வந்து கொண்டாந்து விட்டுட்டு ஒரு வா சோறு தின்னுட்டுப் போனான்னா எல்லாம் தீந்துரும்." பிறகு மிக்ஸிமேல் இருந்த என்னைக் கண்டுகொண்டார். குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "என்ன மாப்ள, பாத்துக்கிட்டுதான் இருக்கியா? எப்ப வார?"

அவருக்குப் பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் அம்மா, நெஞ்சைத் தடவிக்கொண்டு. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அப்பா பிடித்திருந்த கை போக, மறு கையால் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள்.

கோடாலி, பிடரி, ரத்தம் தெறிக்கிற திசை, நான் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. அந்த முகம் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு அன்பாக "மாப்ள" என்றபோது, பழக்கத்தில் "வாரேன் மாமா" என்றுதான் நாக்கு புரண்டது. அக்கா சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது. துவான் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

"நான் வரல மாமா."

"ஆகஸ்டுல வரல. சரி. பொங்கலுக்கு?"

"பொங்கலுக்கும் வரல. எப்பவும் வரல. கொண்டாந்து விட மாட்டேன். ஒங்க வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்."

"அப்ப யாரு கொண்டாந்து விடுறது?"

சித்தப்பா என் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா இன்னும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு விட்டார். விட்டதும் தோசைக்கல் அவள் கையில் கொஞ்சம் கீழே இறங்கி, அங்கேயே நின்றது.

"அவன்தான் வரலங்கானே" என்றார் அப்பா. முப்பது வருஷ மில் குரலில், தெருவுக்கே கேட்கும்படி. "கார எடுங்க."

8

மச்சானுக்குக் கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அக்கா மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறாள். அவனும் பதிலுக்குக் கொடுத்திருக்கிறான். இரண்டு கேஸும் வில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கும். நடப்பதற்குத் தெம்பு இருக்கிறது என்கிறாள். பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு இடத்தில் வேலைக்குப் போகிறாள். பல் கட்டிவிட்டாள். எனக்கு அனுப்பிய போட்டோவில் வாயைத் திறந்து அதைத்தான் காட்டுகிறாள், முகம் பாதிதான் தெரிகிறது.

லீவு விண்ணப்பத்தை ரத்து செய்ய இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் மறுபடியும் 'அக்கா' என்றே எழுதினேன். கிமுரா மேலே கீழே பார்த்துவிட்டு சீல் அடித்தார். சுவர் ஓட்டைக்கு நானும் துவானும் மன்னிப்புக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இருவரும் பரீட்சை எழுதினோம். தோகொரோதே வரவே இல்லை.

அம்மாவுக்கு என்மேல் வருத்தம். பெத்த பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அழுகிறாள். பெரியப்பா போனில் பேசுவதில்லை. ஜப்பான் போனதும் சொந்தபந்தம் மறந்துவிட்டான், வெள்ளைக்காரன் ஆகிவிட்டான் என்று சோழபுரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஜப்பான்காரன் வெள்ளைக்காரன் இல்லை என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. மாம்பழ சீசன் ஒன்று போய்விட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க முடியாது. இதையெல்லாம் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று தடவை கறிக்குழம்பு தின்றதற்குப் பதில், அவ்வளவுதான்.

அவர்கள் இன்னும் விடவில்லை. போன வாரம்கூட சித்தப்பா கடைத்தெருவில் அப்பாவைப் பிடித்து, தம்பி தீபாவளிக்காவது வருவானா என்று விசாரித்திருக்கிறார். கேஸ் முடிகிற வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் இதை வாசிக்கிற நம்ம ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வில்லிபுத்தூர் பக்கம் பால்கோவா பட்டறைக்காரர்கள் யாராவது உங்களிடம் சதீஷ் எப்போது வருகிறான் என்று கேட்டால், தேதி எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவன் வரமாட்டானாம் என்று மட்டும் சொல்லுங்கள்.